பார்த்தவனின் பங்கு

எங்கோ ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேறோர் ஊரில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் அதைப் பார்க்கிறான். அவன் யாரையும் தொடவில்லை. அந்தக் கொடுமையில் அவனுக்குப் பங்கு உண்டா?

2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது இந்தக் கேள்விதான். தரவிறக்கித் தனியாகப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சொல்லி, ஓர் இளைஞர் மீதான வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பகிரும் எண்ணத்தோடு அழிக்காமல் வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம். தரவிறக்காமல் இணையத்தில் பார்ப்பவனும், சூழ்நிலையைப் பொறுத்து, அதைக் கைவசம் வைத்திருந்தவனாகவே கருதப்படலாம் என்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் சமய மரபுகள் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைச் செதுக்கிய சமணம், தீவினையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாக வகுத்தது. மூன்றும் உயிரில் ஒட்டும். மாவட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் பின்பற்றும் கிறிஸ்தவமோ, மலைப்பொழிவில் இச்சையோடு பார்ப்பதையே பாவத்தில் சேர்த்தது. தக்கலை பீர்முகமது அப்பா தர்காவுக்கு வரும் முஸ்லிம்களின் வேதமும் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பதியில் சிலை கிடையாது, கண்ணாடிதான். வணங்க வருபவர் அதில் தன் முகத்தையே காண்கிறார். காண்பவருக்குள் இறைவன் இருக்கிறான் என்றால், அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளைக்குள்ளும் இருக்கிறான்.

மனத்தில் ஓடுவதற்கெல்லாம் தண்டனை கொடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இங்கே இருப்பது வெறும் எண்ணம் அல்ல. அந்தப் படம் உண்டாக ஒரு பிள்ளை வதைபட்டிருக்கிறது. பார்க்க ஆள் இருப்பதால்தான் எடுப்பவன் மேலும் எடுக்கிறான். சமணம் சொன்ன உடன்படுதல் இதுதான்.

அடுத்த சிக்கல், குற்றம் நடந்த இடம். அறம் முதலில் கேட்பது, யாருக்கு நடந்தது என்று. சட்டம் முதலில் கேட்பது, எந்த எல்லைக்குள் நடந்தது என்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழந்தைகள் கைவிடப்படுகிறார்கள்.

நாகர்கோவிலே இந்த எல்லைச் சிக்கலைப் பார்த்திருக்கிறது. சமூக ஊடகத்தில் பெண்களோடு பழகி, படமெடுத்து மிரட்டிய உள்ளூர்க்காரர் ஒருவர்மீது 2020இல் புகார் கிளம்பியது சென்னையிலிருந்து. வழக்குகள் சிபிசிஐடிக்குப் போயின. அவற்றில் போக்சோ வழக்கும் உண்டு. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் அவருக்குச் சாகும்வரை சிறை விதித்தது.

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு பலன் தந்ததற்கும் சான்று உண்டு. இத்தகைய படங்கள் தம் தளத்தில் தென்பட்டால், அமெரிக்க நிறுவனங்கள் அந்நாட்டுச் சட்டப்படி அங்குள்ள குழந்தைகள் மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். 2019 ஏப்ரலில் அந்த மையத்தோடு இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒப்பந்தம் செய்தது. தகவல் தில்லிக்கு வந்து, மாநிலங்களுக்குப் பிரிந்து, மாவட்டக் காவல்துறையை எட்டத் தொடங்கியது. அந்த டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார். களியக்காவிளைக்கு அப்பால் கேரளக் காவல்துறை ‘ஆபரேஷன் பி ஹண்ட்’ என்ற பெயரில் தொடர்ந்து சோதனை நடத்திவருகிறது.

‘இது எங்கள் உள்விவகாரம்’ என்று எல்லையைக் காட்டித் தட்டிக்கழிக்கும் பதில் இந்த மண்ணுக்குப் பழக்கமானது. தோள்சீலைப் போராட்டத்தில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமை கேட்டபோது, அப்போது இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு ஊர் வழக்கத்தைக் காட்டி மறுத்தது. பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டும் விடவில்லை. சென்னை மாகாண அரசின் நெருக்குதலும் சேர்ந்தபின், 1859 ஜூலை 26 அன்று மன்னரின் ஆணை வந்தது. அதுவும் உயர்சாதியார் பாணியில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஓர் உடலின் மானத்தை அவமதிப்பது எந்த அரசின் உள்விவகாரமும் அல்ல என்பதைக் குமரி அனுபவித்து அறிந்திருக்கிறது.

தெற்காசியாவோ இன்னும் தயங்கி நிற்கிறது. குழந்தைகள் மீதான வன்முறையை ஒழிக்க சார்க் நாடுகள் அமைத்த ‘சைவாக்’ காத்மாண்டுவில் செயலகம் வைத்திருக்கிறது. ஆனால் 2014க்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே கூடவில்லை. இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளோ, இணையத்தில் குழந்தைகளைக் காப்பதற்கென்றே 2019இல் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டு, 2021இல் செயல்திட்டமும் வகுத்துவிட்டன.

2017 செப்டம்பர் 11 அன்று குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர் கைலாஷ் சத்யார்த்தி, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக்கு எதிரான பாரத யாத்திரையைக் கன்னியாகுமரியிலிருந்துதான் தொடங்கினார். தில்லியும் கொழும்பும் பேசி முடிக்கட்டும் என்று இந்த மாவட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய படத்தைப் பார்ப்பதும் பரப்புவதும் பாவம் என்று ஞாயிறு பிரசங்கத்திலும் வெள்ளி ஜும்ஆவிலும் கோயில் திருவிழா மேடையிலும் அய்யாவழியினரின் நிழல் தாங்கல்களிலும் வெளிப்படையாகச் சொல்லலாம். குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகிய எண்களை அங்கேயே எழுதி வைக்கலாம். புகார் சொல்ல வரும் பிள்ளையைக் குடும்ப மானத்தின் பெயரால் வாயடைக்கும் வழக்கத்தை முதலில் கண்டிக்க வேண்டியவர்களும் அந்த மேடைகளில் நிற்பவர்களே.