ஐந்து நட்சத்திர நிறங்கள்

இரண்டு நிறங்கள் பொருந்துகின்றன என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம்? நிறங்களில் இருக்கும் ஓர் இயல்பையா, பார்ப்பவர்களின் பழக்கத்தையா? இந்தப் பழைய கேள்விக்குக் கணினியின் துணையோடு விடை தேடிய ஆய்வொன்றில் ரொறன்ரோவுக்கும் பங்குண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஓ'டொனவன், ஆரன் ஹேர்ட்ஸ்மன் இருவரும் அடோபி நிறுவனத்தின் அசீம் அகர்வாலாவுடன் சேர்ந்து 2011இல் அதை வெளியிட்டார்கள்.

ஓவிய வகுப்புகளில் நிறச்சக்கரம் காட்டுவார்கள். எதிரெதிரே இருப்பவை பொருந்தும், அருகருகே இருப்பவை பொருந்தும், முக்கோணமாக அமைபவை பொருந்தும் என்பது பாடம். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்களிலும் இதே விதிகள் பொத்தான்களாக இருக்கின்றன. ஆனால் எந்தச் சக்கரம்? ஓவியரின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. கணினித் திரையின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே நீலப்பச்சை. சக்கரம் மாறினால் 'பொருத்தம்' மாறிவிடுகிறது.

அந்த ஆய்வாளர்கள் விதிகளை மக்களின் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து நிறங்கள் கொண்ட தொகுதிகளுக்கு இணையத்தில் பலர் இட்ட மதிப்பெண்களைப் பெருமளவில் திரட்டினார்கள். சக்கர விதிக்கு இசைந்த தொகுதிகளை மக்கள் அதற்காக விரும்பியதாகத் தெரியவில்லை. அடுத்து, ஒரு தொகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் கிடைக்கும் என்று கணிக்கவும், அதன் நிறங்களைச் சற்று மாற்றி மதிப்பெண்ணைக் கூட்டவும் கணினியைப் பழக்கினார்கள்.

நூல் அட்டைகளும் நினைவு மலர்களும் வடிவமைக்கிற எனக்கு முதற்பகுதி உவப்பானது. பண்டிதர்களின் அதிகாரம் அதில் கொஞ்சம் குறைகிறது. இரண்டாவது பகுதியில்தான் தயங்குகிறேன். மக்கள் எதை விரும்புவார்கள் என்று கணிப்பது ஒன்று. அந்த விருப்பத்தை நோக்கி நிறங்களை நகர்த்துவது வேறு. எல்லோரும் நகர்த்தினால் நாளை கண்ணில் படுவது சராசரி மட்டுமே. அதைப் பார்த்துப் பழகிய கண்கள் மறுபடி அதற்கே மதிப்பெண் இடும்.

எங்கள் நிறங்களில் சில அந்தக் கணக்குக்குள் வருவதும் இல்லை. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொன்று; உடுத்தவள் திரும்பும்போது நிறமும் திரும்பும். திரையின் ஒரு புள்ளிக்குக் கணினி ஒதுக்குவது மூன்று எண்கள். அந்த மூன்றுக்குள் மயில்கழுத்தை எப்படி அடைப்பது?

அதற்காக 'எங்கள் நிறம்' என்று பெருமை பேசவும் மனம் வரவில்லை. கைம்பெண்ணுக்கு வெள்ளை என்று விதித்தபோது அவளிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு குடும்பத்துக்கு 31ஆம் நாள் நினைவு மலர் செய்தேன். இறந்த அம்மா இளவயதிலேயே கணவனை இழந்தவர். அவர் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்ட சேலையின் கிளிப்பச்சையும் றோஸும்தான் அட்டையில் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். மென்பொருள் பச்சையை மங்கலாக்கச் சொன்னது. பேரப்பிள்ளை ஒருவரும் "கண்ணைக் குத்துது" என்றார். குத்தத்தான் வேண்டும் என்றார் மூத்த மகள். அப்படியே அச்சிட்டோம்.

அந்த அட்டை அழகானதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சரியானது என்று சொல்வேன். 'பிடித்திருக்கிறதா?' என்ற கேள்விக்கு மதிப்பெண் விடையாகலாம். 'இது யாருக்காக, எதைச் சுமக்கிறது?' என்ற கேள்விக்கு நட்சத்திரங்கள் போதா.

அதே மூவரும் 2014இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரின் விருப்பத்தையும் தனித்தனியே கணக்கில் எடுத்தால் பொதுச் சராசரியைவிடக் கணிப்பு மேம்படுகிறது என்பது அதன் முடிவு. சராசரி மனிதனுக்குள் எல்லோரும் அடங்குவதில்லை என்று கணினி தானே சாட்சி சொன்ன மாதிரி. ஆனால் என் விருப்பத்தை என்னைவிட நன்றாகக் கணிக்கும் கருவி வந்தாலும் கேள்வி தீராது. மனிதர் தங்கள் விருப்பத்துக்காக மட்டும் நிறம் தெரிவு செய்வதில்லை. மற்றவருக்காகவும், இறந்தவருக்காகவும், பறிக்கப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்காகவும் தெரிவு செய்கிறார்கள்.

ஆகவே கருவியை நான் ஒதுக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் இன்னொருவரின் அபிப்பிராயமாக அதைக் கேட்டுக்கொள்கிறேன். பலரைப் பார்த்தவர், அனுபவசாலி. ஆனால் இந்த வீட்டுக்காரர் அல்ல. ஏன் இந்த நிறம் என்று கேட்பவருக்கு, கணினி சொன்னது என்பது பதிலாகாது. பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும்.