தோலும் தூய்மையும்

கீழ்வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் எல்லாக் குழந்தைகளும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் பகுதி ஒன்றுண்டு. நாள்தோறும் குளிக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும். தூய ஆடை உடுக்க வேண்டும். இவற்றை மறுப்பார் எவருமிலர். ஆயினும் இப்பாடத்தை எவ்வாறு கற்பிக்கின்றோம், எதற்காகக் கற்பிக்கின்றோம் என்ற வினா அத்துணை எளிதானதன்று. உடலைப் பேணும் பழக்கம் ஒன்றைக் குழந்தைக்கு அளிக்கின்றோமா, அன்றி அதன் உடலைப் பற்றிய ஒரு தீர்ப்பை அளிக்கின்றோமா? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அது உடலைப் போர்த்திய வெறும் உறையன்று; உடலின் மிகப் பெரிய உறுப்பு. கிருமிகளைத் தடுப்பதும், வியர்வையால் உடற்சூட்டைத் தணிப்பதும், உடலின் நீர் வற்றாமற் காப்பதும், தொடுகையை உணர்வதும் அதன் தொழில்கள். மேற்றோல் ஏறத்தாழ 4 வாரங்களில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. குழந்தையின் தோலோ மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிடும்போது அதன் பரப்பும் பெரிது. ஆகவே தீங்கான பூச்சு எதுவும் வளர்ந்தோரைவிடக் குழந்தையையே அதிகம் தாக்கும். இவ்வுறுப்பைப் பேணுவதற்கு வேண்டுவன மிகச் சில: நீர், சிறிதளவு சவர்க்காரம், குளித்தபின் விரலிடுக்கில் ஈரம் நில்லாது துடைத்தல், தனக்கென ஒரு துவாய், வெட்டிய நகம், கடும் வெயிலில் ஒதுங்க நிழல், காயம் பட்டால் உடனே கழுவுதல். 5 வயதுக் குழந்தையும் இவற்றைக் கற்றுக்கொள்ளும்.

ஆனால், வகுப்பிலே ஒரு பிள்ளை ஓயாது சொறிந்துகொண்டிருக்கும்போது நிகழ்வது என்ன? "நீ குளிக்கிறதில்லையோ?" என்ற கேள்வி எல்லோர் முன்னிலையிலும் எழுகின்றது. பக்கத்திலிருக்கும் பிள்ளை விலகி அமர்கின்றது. அக்கேள்வி மருத்துவ அறிவுக்கே முரணானது. சொறி சிரங்கு என நாம் பொதுவாக வழங்குவனவற்றுள் ஒன்று, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணி மேற்றோலைத் துளைத்து முட்டையிடுவதால் உண்டாவது. நாள்தோறும் குளிப்பவரையும் அது பற்றும். உடலோடு உடல் நெடுநேரம் படுவதால், ஒரே பாயிற் பலர் நெருங்கி உறங்குவதால், அது பரவும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லலாம். அதற்குள் அது வீட்டிலுள்ள பிறரையும் பற்றியிருக்கக் கூடும். எனவே பிள்ளைக்கு மாத்திரம் மருந்து பூசுவதாற் பயனில்லை. அரிப்பு இருப்பினும் இல்லாவிடினும் வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் மருந்து பூசவேண்டும்; உடையையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் அலச வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. உண்மையிற் புறக்கணிக்கப்பட்டவர்கள், ஓரறையிற் குடும்பம் முழுவதும் உறங்க நேர்ந்த மக்களே. இடநெருக்கடியின் நோயைப் பிள்ளையின் ஒழுக்கக் குறைவென்று கூறுதல் அறிவுமன்று, அறமுமன்று.

வாய்மையைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவர், உடலின் தூய்மை நீரால் அமைவதென்றும் உள்ளத்தின் தூய்மை வாய்மையாற் புலப்படுவதென்றும் இரண்டையும் பிரித்துரைத்தார். நம் சமுதாயமோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அழுக்கடைந்த உடல் இழிந்த உள்ளத்தின் அடையாளமாயிற்று. அதனினுங் கொடியது, நீரை மறுத்தவர்களே நீரற்றவர்களை அழுக்கர் என்று இகழ்ந்தமை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறையிடையே தேங்கும் நிலத்தடி நீரே மக்களுக்கு உயிர். கிணறே அதற்கு வழி. அக்கிணற்றடியிற் குடத்தோடு காத்து நின்று, உயர்சாதியார் எவரேனும் இரங்கி அள்ளி ஊற்றினாலன்றி ஒரு சாரார் நீர் பெற முடியாதிருந்த காலம் வெகு தொலைவிலில்லை. சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் அந்நிலை உடனே மாறிவிடவில்லை. கே. டானியல் தம் நாவல்களுள் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டது காரணமின்றியன்று.

மலையகத் தோட்டங்களிலும் வெள்ளையர் காலத்து லயங்களின் ஒற்றை அறைகளிற் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன; பல வீடுகளுக்கு ஒரு பொதுக்குழாயே இருந்தது. லயங்கள் முற்றாக மறைந்துவிட்டன என்று இன்றும் நாம் கூற முடியாது. காலையிலே கொழுந்து பறிக்க மலையேறும் தாய், குழாயடியில் முறை வரும்வரை காத்திருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது எங்ஙனம்? கூழுண்டாலும் குளித்த பின்னரே உண்ணவேண்டும் என்ற முதுமொழியை இத்தகைய பிள்ளைக்கு உபதேசிப்பவர், குளிக்க நீர் எங்கே என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்.

நீருக்கும் சவர்க்காரத்துக்கும் குறைவில்லாத இல்லங்களிலோ வேறொரு கேடு நிலவுகின்றது. அங்கே தோலைப் பேணுதல் என்ற பெயரால் தோலை வெறுத்தல் கற்பிக்கப்படுகின்றது. "வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்" என்பதே பெண்குழந்தை கேட்கும் முதலாவது சரும பாடம். கருமையைத் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். புறஊதாக் கதிர்களின் தீங்கைக் குறைக்க இயற்கை விரித்த குடை அது. அக்குடையைக் கிழிப்பதற்கு நாம் காசு கொடுக்கின்றோம். 1975 இல் இந்தியாவிற் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020 இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. பெயரிலிருந்து வெண்மை நீங்கியது. மணமகள் தேடுவோரின் நெஞ்சிலிருந்து நீங்கியதா? வெண்மை தருவதாக விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கின்றது. அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதோடு தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கின்றது. 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளின் உற்பத்தியையும் வாணிபத்தையும் 2020 உடன் நிறுத்துமாறு விதித்தது. எனினும் அவை சந்தைகளிலிருந்து ஒழிந்தபாடில்லை. இலாபத்துக்கு உடன்படிக்கை ஏது?

நீரற்ற பிள்ளைக்கு அழுக்கின் பேரால் வெட்கம். நீருள்ள பிள்ளைக்கு நிறத்தின் பேரால் வெட்கம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. தோல் குழந்தைக்கு உரிய உறுப்பு என்பது மறக்கப்பட்டு, பிறர் பார்த்து மதிப்பிடும் சாட்சிப் பத்திரமாக அது மாற்றப்பட்டுள்ளது.

அங்ஙனமாயின், எல்லா வீட்டுக்கும் நீர் வரும்வரை பாடத்தை நிறுத்தி வைப்பதா என்று சிலர் வினவலாம். அவ்வாறன்று. பழக்கம் இளமையிலேயே வேரூன்ற வேண்டும். வசதியற்ற பிள்ளைக்கே அது மேலும் இன்றியமையாதது. நாம் கூறுவது, பாடம் வாயளவில் நின்றுவிடக் கூடாது என்பதே. கைகழுவச் சொல்லும் பாடசாலையிற் குழாயும் சவர்க்காரமும் இருக்கவேண்டும். நோயுற்ற பிள்ளையின் தாயைத் தனியே அழைத்து, வீட்டார் அனைவருக்கும் மருந்து வேண்டுமென்பதைப் பரிவோடு விளக்க வேண்டும். கலைவிழாவிலே தேவதை வேடத்துக்கு நிறம் பார்த்துப் பிள்ளை தெரிவதை விட்டொழிக்க வேண்டும். நீரில்லாத குடியிருப்புக்கு நீர் கேட்டுப் பெற்றோரோடு சேர்ந்து ஆசிரியரும் குரல் கொடுக்க வேண்டும்.

தன் உடல் பேணத் தக்கது என்று உணர்ந்த பிள்ளை, அதற்கு வேண்டிய நீரையும் இடத்தையும் தன் உரிமையாகக் கேட்கும். வெட்கத்தாற் குளிக்கப் பழகிய பிள்ளையோ, நாளை தன்னினும் எளியவனைக் கண்டால் மூக்கைப் பொத்தும். இவ்விருவருள் எவரை உருவாக்குகின்றோம் என்பது, நகத்தைப் பார்ப்பதற்காக ஒரு சிறு கையை நாம் பற்றும் விதத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றது.