வென்றவரும் மறைந்தவரும்

1927-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இரவு. பாரிசு நகரை அடுத்த லே பூர்ஜே விமானத் திடலில் மக்கள் வெள்ளம் காத்திருந்தது. நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியராய்ப் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் 33½ மணி நேரம் பறந்து, ஏறத்தாழ 5,800 கிலோமீட்டரைக் கடந்து வந்து இறங்கினார் சார்லஸ் லிண்ட்பெர்க். அப்போது அவருக்கு வயது 25. உலகமே அவரைக் கொண்டாடியது.

அதே திடலிலிருந்து 13 நாட்களுக்கு முன், மே 8-ஆம் நாள் காலையில், நியூயார்க்கை நோக்கி இரு பிரெஞ்சு வீரர்கள் புறப்பட்டிருந்தனர். ஒருவர் சார்ல் நன்ஜெசர். மற்றவர் ஒரு கண்ணை இழந்திருந்த பிரான்சுவா கோலி. அவர்கள் ஏறிச் சென்ற விமானத்தின் பெயர் 'வெண்பறவை'. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பாரிசு நாளேடுகள் சில அவசரப்பட்டு எழுதின. ஆனால் அவர்கள் எங்கும் சேரவில்லை, திரும்பவும் இல்லை.

ஒருவருக்குப் புகழ்மாலை, இருவருக்கு மௌனம். முடிவுகளுக்கிடையே உள்ள இத்தனை தொலைவு, முயற்சிகளுக்கிடையேயும் இருந்ததா? எடையைக் குறைப்பதற்காக லிண்ட்பெர்க் வானொலியையும் பாராசூட்டையும் விட்டுச் சென்றார். அதே எடையைக் குறைக்கவே பிரெஞ்சு வீரர்கள், மேலெழுந்தவுடன் சக்கரங்களைக் கழற்றி விட்டனர். நீரில் இறங்குவது அவர்கள் திட்டம். வட அட்லாண்டிக் வெளியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். கிழக்கே வருபவருக்கு அது துணை. மேற்கே செல்பவருக்கு அது தடை. லிண்ட்பெர்க் கடலில் மறைந்திருந்தால், அவர் விட்டுச் சென்ற வானொலியைச் சுட்டிக்காட்டி, 'மதியீனம்' என்றிருப்போம். வென்றதால் 'முன்மதி' என்கிறோம். செயல் ஒன்றே, பெயரை மாற்றியது முடிவுதான்.

அப்படியானால் துணிவுக்கும் கண்மூடித்தனத்துக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. ஆனால் அதை முடிவில் தேடலாகாது. 1926 செப்டம்பரில் இதே பரிசுக்காக ரெனே ஃபோங்க் நியூயார்க்கிலிருந்து புறப்பட முயன்றார். அளவுக்கு மீறிய எடை ஏற்றிய அவரது விமானம் மேலெழாமலே நொறுங்கித் தீப்பற்றியது. அவர் உயிர் பிழைத்தார். உடன் சென்ற தோழர் இருவர் மாண்டனர். ஒருவர் எத்தகைய ஆயத்தத்தோடு இறங்குகிறார், யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறார் என்ற கேள்விகளே துணிவை உரைத்துப் பார்க்கும் கல். இக்கேள்விகளைப் புறப்படும் முன்பே கேட்க வேண்டும். வெற்றி வந்தபின் அவற்றை மறப்பதும் தவறே.

பாரிசில் வாழ்த்தொலிகள் ஓயாதிருந்த நாட்களில் லிண்ட்பெர்க் ஒரு வீட்டின் படியேறினார். அது மகனுக்காகக் காத்திருந்த நன்ஜெசரின் தாயின் வீடு. தம்மையும் அந்த மகனையும் பிரித்த கோடு எவ்வளவு மெல்லியது என்பதை வென்றவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

நம் இல்லங்களிலும் தேர்வில் தவறிய பிள்ளை உண்டு. நேர்மையாய்த் தொழில் தொடங்கி நொடித்துப்போன உடன்பிறப்பு உண்டு. வென்ற வீட்டு வாசலில் கூடும் நாம், அவர்கள் வீட்டுப் படியையும் ஏறுகிறோமா?