இடைகழியில் ஓர் இடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த வைபவத்தை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இலர். மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில், மிருகண்டு முனிவரின் ஆச்ரமத்து இடைகழியில் பொய்கையாழ்வார் சயனித்திருந்தார். அடுத்து வந்த பூதத்தாழ்வார் இடம் வேண்ட, எழுந்து அமர்ந்து அவருக்கும் இடம் தந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தபோது இருவரும் எழுந்து நின்றனர். ஒருவர் படுப்பதற்கான இடம் மூவர் நிற்பதற்குப் போதுமானதாயிற்று. எம்பெருமான் நான்காமவனாக வந்து நெருக்கியருளியது அதற்குப் பிறகே.

இவ்வைபவத்தைக் காலக்ஷேபங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும் அதில் அடியேனுக்கென்றே ஒரு பாடம் இருப்பது அறுபது வயதைக் கடந்து, பழக்கமில்லாத ஓர் ஊருக்குக் குடிபெயர்ந்த பின்னரே புலப்பட்டது. முதுமையில் ஊர்விட்டு ஊர் சென்று மக்களோடு வாழும் அன்பர்கள் பலர் இப்பத்திரிகையை வாசிக்கின்றனர் என்பதால், அதனை இங்கே விண்ணப்பிக்கத் துணிகிறேன்.

வங்கிப் பணியில் அடியேன் 36 ஆண்டுகள் இருந்தேன். 11 ஊர்களுக்கு மாற்றலாகிச் சென்றேன். எந்த ஊரிலும் நண்பரைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே கடைக்காரரும் தலைமையாசிரியரும் அரிசி ஆலை முதலாளியும் வந்து வணங்கிச் செல்வர். அது அடியேனுக்குக் கிடைத்த அன்பு என்றே எண்ணியிருந்தேன். அந்த வணக்கங்களில் பெரும்பங்கு நாற்காலிக்கு உரியது என்பது ஓய்வு பெற்றபின் தெளிவாயிற்று. நட்பை நாமாகத் தேடும் கலையை அடியேன் கற்கவே இல்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் மகனோடு வாழப் புணே நகரம் வந்தோம். மராட்டி தெரியாது, ஹிந்தியோ வங்கிக் கணக்கு வழக்குக்கு மட்டுமே போதுமானது. குடியிருப்பின் பூங்காவில் கூரையிட்ட பெஞ்சு ஒன்று உண்டு. நாள்தோறும் மாலையில் அங்கே அமர்ந்து திவ்யப்ரபந்தம் வாசிப்பது வழக்கமாயிற்று. ஆறு மாதங்கள் கடந்தும் ஒருவரும் வந்து பேசவில்லை. “இவ்வூரார் மனம் திறவாதவர்கள்” என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வேன். கதவைத் தட்டியும் திறக்கப்பெறாதவனாக என்னை நானே எண்ணி வருந்தினேன்.

மே மாதத்தில் ஒருநாள் திடீரென்று கோடைமழை பெய்தது. நாள்தோறும் எதிரே நடந்துசெல்லும் முதியவர் ஒருவர் கூரைக்கு ஓடி வந்தார். கழுத்தில் துளஸிமணி மாலை. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பது பின்னர் அறிந்தது. அவர் அமராமல் நின்றுகொண்டே, “அண்ணா, இந்தப் பையைச் சற்று எடுத்துக்கொள்வீர்களா?” என்று தயக்கத்தோடு கேட்டார். அப்போதுதான் கண்டேன்: மூவர் அமரக்கூடிய பெஞ்சில் ஒருபுறம் என் பை, மறுபுறம் குடை, மடியில் விரித்த புத்தகம். ஆறு மாதமாக இடைகழி முழுவதும் படுத்திருந்தவன் அடியேனே! வெளியே நின்று இடம் வேண்டியவர்கள் மற்றவர்கள்.

பையை எடுத்தேன். பேச்சு தொடங்கியது.

ஆயினும் சில நாள்களில் ஒரு தர்மஸங்கடம் எழுந்தது. அவர் இல்லத்திற்கு அழைத்தார். அன்போடு ஜவ்வரிசி உப்புமாவும் தேநீரும் வைத்தார். அடியேன் வெளியில் உண்பதில்லை. மறுத்தபோது அவருடைய துணைவியாரின் முகம் வாடியதைக் கண்டேன். இத்தனை வயதிற்குப் பின் நியமத்தை நெகிழ்த்துவதா, கிடைத்த ஒரு நட்பை இழப்பதா என்று அன்றிரவு உறக்கமின்றி எண்ணினேன்.

வழிகாட்டியவர் சக்கரவர்த்தித் திருமகனே. ச்ருங்கிபேரபுரத்தில் குகன் பலவகை உணவுகளோடு வந்தபோது, தவ வேடம் பூண்டிருந்த அவர் தமக்கென ஒன்றையும் கொள்ளவில்லை; ஆனால் குகனைத் தழுவிக்கொண்டார்; குதிரைகளுக்கான தீனியை மட்டும் ஏற்றார் என்பது வால்மீகி காட்டும் வரலாறு. கொடுப்பவன் மனம் நிறையும்படி ஏற்கத்தக்க ஒன்றை அவர் தேடிக் கண்டார். திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியில் திருவரங்கனைச் சரணம் புகும்போது, குகனிடம் அவன் காட்டிய தோழமையையே முதலில் நினைக்கிறார். மனைவியையும் தம்பியையும் அந்த உறவுக்குள் சேர்த்துக் கொடுத்த தோழமை அது.

மறுநாள் நண்பரிடம் சென்று, என் நியமத்தை மறைக்காமல் சொன்னேன். “உங்கள் மாடியில் வளரும் திருத்துழாயை எங்கள் திருவாராதனத்திற்குத் தருவீர்களா?” என்றும் கேட்டேன். அவர் கண்கள் கலங்கின. அன்று முதல் ஒவ்வொரு காலையிலும் அவர் பறித்த திருத்துழாய் எங்கள் பெருமாள் திருவடியை அடைகிறது.

2023 ஜூன் மாதத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேச்வரரின் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் புணேக்கு எழுந்தருளின. பண்டரிபுரம் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து செல்லும் யாத்திரை அது. நண்பர் அழைத்துச் சென்றார். முன்பின் அறியாதவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து, ‘மாவுலி’, அதாவது ‘தாயே’ என்று அழைத்துக்கொள்வதைக் கண்டேன். நம் அடியார்கள் ஒருவரையொருவர் ஸேவித்துக்கொள்ளும் முறை நினைவுக்கு வந்தது.

அங்கே அவர் புண்டலீகனின் கதையைச் சொன்னார். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன், வந்த பெருமானுக்கு நிற்க ஒரு செங்கல்லை இட்டான். பாண்டுரங்கன் இன்றும் அதன்மேல் நிற்கிறான். அடியேன் திருக்கோவலூர் இடைகழியின் கதையைச் சொன்னேன். “இரண்டிலும் கொடுத்த இடம் சிறியதுதான்” என்றார் அவர். இத்தனை காலம் கேட்டும் அடியேனுக்குத் தோன்றாத நயம் அது.

தனிமையின் நிர்ப்பந்தத்தால் தேடிக்கொள்ளும் நட்பு மெய்யாகுமா என்று சிலர் வினவலாம். ஆழ்வார்கள் மூவரும் இடைகழிக்கு வந்தது நண்பரைத் தேடி அன்று, மழைக்கு ஒதுங்கியே. தேவை நம்மை வாயில்வரை கொண்டுவரும். உள்ளே வந்தவருக்காக எழுந்து அமர்வதும் நிற்பதும் நம் செயல். நட்பின் மெய்மை அதில் விளங்கும்.

பள்ளிக்காலத்து நண்பரை ஒத்தவர் இனிக் கிடைக்கமாட்டார். அவர்களில் இருவர் பரமபதித்துவிட்டனர். ஒருமையில் பெயர் சொல்லி அழைக்க ஆளில்லை. அக்குறை தீராது. ஆயினும் இன்று பெஞ்சில் அமருமுன் பையைக் கீழே வைத்துவிடுகிறேன். சென்ற மாதம் மூன்றாமவர் ஒருவரும் வந்து சேர்ந்திருக்கிறார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.