மாசி மகமும் மறைக்கல்வியும்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் மணல் தெரியாது. மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் கடற்கரையில் வரிசை கட்டி நிற்கத் தீர்த்தவாரி நடக்கும். புதுச்சேரியே அன்று இந்தக் குப்பத்தை நோக்கித்தான் நடந்து வருகிறது. அங்கே வாடகை வீட்டில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், எட்டு வயது மகள் பக்கத்து வீட்டுத் தோழியோடு தானும் போக வேண்டும் என்கிறாள். இந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறாள். தாத்தா கூடவே கூடாது என்கிறார். தாய், பார்த்துவிட்டு வரட்டுமே என்கிறாள். எந்தப் பக்கமும் சாய முடியாத தகப்பன், தன் சிறுவயதில் தனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைத் தேடிப் போனான். அவர்களை இங்கே சீடன் என்றும் குரு என்றும் அழைப்போம்.

சீடன் மாசி மகத்தில் தொடங்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வந்ததில் கேள்வி பெரிதாகிவிட்டிருந்தது.

“ஐயா, திருவிழாவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது சின்ன விஷயம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் எங்கள் வேதத்தை ஏற்றி வைக்க எங்களுக்கு உரிமை உண்டா? பதினெட்டு வயது ஆகட்டும், அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் என்ன?”

“அதுவரைக்கும் என்ன செய்வாய்?” என்றார் குரு. “2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை இது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று இந்தக் கடலோரத்துப் பிள்ளைகள் பெற்றவர்களிடம் என்ன கேட்டிருப்பார்கள்? கடவுள் ஏன் இப்படிச் செய்தார், செத்தவர்கள் எங்கே போனார்கள் என்றுதானே? உனக்குப் பதினெட்டு வயது ஆகட்டும், சொல்கிறேன் என்று எந்தத் தாயாவது சொல்ல முடியுமா? வாய் திறக்காமல் இருந்தாலும் பிள்ளை அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் பேசத் தேவையில்லாத சங்கதி என்று புரிந்துகொள்ளும். ஒன்றும் கற்பிக்காத வீடு என்று ஒரு வீடு கிடையாது, தம்பி.”

“ஆனால் பிள்ளைக்கும் ஒரு சுதந்திரம் இருக்கிறதே?”

“இருக்கிறது. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்தியாவும் 1992-இல் அதில் சேர்ந்தது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவதில், பிள்ளை வளர வளர அதற்கேற்ப வழிகாட்டப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. இரண்டும் ஒரே பிரிவில்தான் இருக்கின்றன. வளர வளர என்பதைக் கவனி. மூன்று வயதில் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போட வைக்கிறாய். பதினைந்து வயதிலும் கையைப் பிடித்து இழுத்தால் அதற்குப் பெயர் வழிகாட்டுவது அல்ல.”

சீடன் விடுவதாக இல்லை. சபையின் வரலாற்றிலிருந்தே ஒன்றை எடுத்தான். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார்; தமிழில் மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார்; அதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லச் சொன்னார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபம் சொல்லச் சிறுவர்களையே அனுப்பினார். இதுவரை எல்லோரும் பெருமையாகச் சொல்வது. அதே சவேரியாரின் கடிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினால் பிள்ளைகள் அவர்களைக் கண்டித்தார்கள், தம்மிடம் வந்து சொன்னார்கள், சிலைகளை உடைத்து மிதித்தார்கள் என்று அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.

“பெற்றவர்கள் மேலேயே பிள்ளையை ஏவிவிடுவதா விசுவாசத்தில் வளர்ப்பது?” என்று கேட்டான்.

குரு சவேரியார் மேல் மிகுந்த பக்தி உள்ளவர். ஆனாலும் பூசி மெழுகவில்லை. “தவறுதான். அந்தக் காலத்து மனிதர் என்று சொல்லலாம். சொன்னாலும் தவறு சரியாகிவிடாது. பிள்ளையின் பக்தியை ஆயுதமாக்கினால் முதலில் காயப்படுவது பிள்ளைதான். சபை இதைப் புரிந்துகொள்ள நானூறு வருடத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்ட நாள் 1965 அக்டோபர் 28. பெற்றோரே பிள்ளையின் முதல் ஆசிரியர்கள் என்று அது அழுத்திச் சொல்கிறது. அதே நாளில்தான் பிற சமயங்கள் பற்றிய அறிக்கையும் வந்தது. அவற்றில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது. என் வகுப்புக்கு வரும் பெற்றோரில் முதல் அறிக்கையைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவன் பிள்ளை வளர்ப்பில் பாதி வேலைதான் செய்கிறான்.”

“அப்படியானால் மாசி மகத்துக்கு அனுப்பலாம் என்கிறீர்களா?”

“அனுப்பு. நீயும் கூடப் போ.”

“அங்கே பிரசாதம் கொடுப்பார்களே, ஐயா?”

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இதைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆயுத பூஜைப் பொரி, விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை, ஆடி மாதத்துக் கூழ் என்று வருடம் முழுக்க அடுத்த வீட்டிலிருந்து தூக்கில் வந்துகொண்டே இருக்கும். வாங்கி நன்றி சொல்லிச் சாப்பிடும் வீடும் உண்டு. வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை கண்ணில் படாமல் கொட்டிவிடும் வீடும் உண்டு.

“இதைப் புனித பவுலிடமே கேட்டுவிட்டார்கள்” என்றார் குரு. “கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8-ஆம் அதிகாரத்தையும் 10-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் படி. கொரிந்து நகரத்தில் விற்ற இறைச்சியில் கோயில் பலியிலிருந்து வந்ததும் உண்டு. சாப்பிடலாமா என்று கேட்டார்கள். அவர் ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. சிலை ஒன்றுமில்லை, உணவு நம்மைக் கடவுளுக்கு நெருக்கமாக்குவதும் இல்லை, தூரமாக்குவதும் இல்லை என்கிறார். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், விருந்துக்கு அழைத்தால் போங்கள் என்கிறார். ஆனால் பலிபீடத்தின் பந்தியில் பங்காளி ஆகாதீர்கள் என்றும் சொல்கிறார். நீ சாப்பிடுவதைப் பார்த்து மனம் தளரும் ஒருவன் பக்கத்தில் இருந்தால், அவனுக்காக விட்டுவிடு என்கிறார். உன் அப்பாதான் அந்த ஒருவர். அவர் எதிரில் வேண்டாம். அவர் மனது புண்படும் என்பதால்தான் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்தது அசுத்தம் என்பதால் அல்ல. இந்த வித்தியாசத்தை உன் மகளிடம் விளக்கு. எட்டு வயதில் புரியும், நன்றாகவே புரியும். அடுத்தவர் மனதைப் பார்த்து நடக்கிற பயிற்சியை அதைவிட நல்ல பாடத்தில் கொடுக்க முடியாது.”

“அவள் கும்பிட்டால்?”

“பார்ப்பது வேறு, வணங்குவது வேறு என்று முன்னாலேயே சொல்லி அனுப்பு. சாமியை ஏன் கடலில் குளிப்பாட்டுகிறார்கள் என்று அந்தப் பாட்டியையே கேட்கச் சொல். அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டு வரட்டும். பிறகு நீ அவளுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குளத்தைக் காட்டு. அங்கே தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்களில் எத்தனை பேர் நம் சபையார், எத்தனை பேர் இல்லை என்று அவளே பார்ப்பாள். அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போ.”

பேச்சு மறைக்கல்வி வகுப்புக்குத் திரும்பியது. மகள் விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் பொருள் தெரியவில்லை என்பது சீடனின் குறை.

குரு அச்சு வரலாற்றிலிருந்து ஒன்றை எடுத்தார். அன்றீக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். மறுவருடம், 1579-இல், கொச்சியில் ‘கிரீசித்தியாநி வணக்கம்’ வந்தது. மார்கோஸ் ஜோர்ஜ் என்ற சேசு சபைத் துறவி போர்த்துக்கீசியச் சிறுவர்களுக்காக எழுதிய வினா-விடைப் புத்தகத்தின் தமிழ் வடிவம் அது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று, பிள்ளைகளுக்கு மறை கற்பிக்க எழுதிய ஒரு குரு-சீட உரையாடலின் வழியில் வந்தது.

“அதில் குருதான் கேட்பார், சீடன் ஒப்பிப்பான்” என்றார். “எழுத்தறிவு சிலருக்கே இருந்த காலத்தில் அதற்குப் பயன் இருந்தது. மனப்பாடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சாகக் கிடக்கும் கிழவிகள் எல்லாம் மறந்த பிறகும் அருள் நிறைந்த மரியே சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அது சிறுவயதில் பதிந்தது. ஆனால் ஒப்பிப்பதையே விசுவாசம் என்று நினைத்துவிட்டோம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-இல் போட்ட ஆணை என்ன சொன்னது? அதுவரைக்கும் பத்து வயது, பன்னிரண்டு வயது, அதற்கு மேலும் காக்கவைத்துப் புதுநன்மை கொடுத்தார்கள். அவர் அதை ஏறக்குறைய ஏழு வயதுக்கு இறக்கினார். முழு அறிவு தேவையில்லை. இது சாதாரண அப்பம் அல்ல என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும் என்றார். அந்தத் தெளிவு ஒப்பித்தலால் வருமா?”

“எதனால் வரும்?”

“பெரியவர்களைப் பார்த்து வரும். நல்லதும் அப்படித்தான் வரும், கெட்டதும் அப்படித்தான் வரும்.”

பிறகு அவர் சொன்னது புதுச்சேரிக்காரர்கள் பலருக்கும் கசப்பான கதை. மிஷன் வீதியில் இன்றைக்கு ஜென்மராக்கினி மாதா பேராலயம் இருக்கும் இடத்தில் பழைய கோயில் இருந்தது. சம்பா கோவில் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். 1745 அக்டோபரில் தாழ்த்தப்பட்ட மக்களே மூத்த குருவானவரிடம் போய் நியாயம் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார், சுவர் இடிக்கப்பட்டது. உடனே மேல்சாதியார் கொதித்து எழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அதே வருடக் கடைசியில், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியான கனகராய முதலியார், இறந்துபோன தம் மகனின் நினைவாக ஒழுகரைப் பக்கம் கட்டிய அந்திரேயர் கோயிலுக்கு விழா எடுத்தார். எல்லாச் சாதியாருக்கும் விருந்து. ஆனால் சாதிக்கேற்பத் தனித்தனி ஏற்பாடு.

“அந்த வருடம் புதுச்சேரியில் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்” என்றார் குரு. “எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பரலோக மந்திரத்தில் படிக்கிறது. கண்ணைத் திறந்தால் சுவர். எதை நம்பும்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் நம் காலத்திலும் நின்றது. இன்றைக்கு உன் வீட்டில் அது எந்த உருவத்தில் நிற்கிறது என்று தேடு. மகளுக்கு வரன் பார்க்கும்போது சபையை முதலில் கேட்பாயா, சாதியை முதலில் கேட்பாயா? அவள் மாசி மகத்தில் எதைப் பார்த்துக் கெட்டுவிடுவாள் என்று பயப்படும் தாத்தா, அவள் நம் கல்யாண வீடுகளில் எதைப் பார்க்கிறாள் என்று பயப்படட்டும்.”

சீடன் வெகுநேரம் பேசவில்லை. பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“சரி, ஒழுங்காக வாழ்ந்தே காட்டுகிறோம் என்று வையுங்கள். அவள் எங்களைவிடத் தீவிரமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால்?”

“நிற்கட்டும். கேரளத்தில் 1985-இல் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள் தேசியகீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் விசுவாசம் தடுக்கிறது என்றார்கள். பள்ளி வெளியே அனுப்பியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று நீதிபதிகள் பார்க்கவில்லை. உண்மையாகவே மனதில் கொண்டதா என்று மட்டும் பார்த்தார்கள். பெற்றோர் கொடுத்ததாயிற்றே, பிள்ளையின் சொந்தம் எப்படி ஆகும் என்று தள்ளிவிடவில்லை. எனக்கும் அந்தச் சபையின் போதனை ஒப்பாது. அந்தப் பிள்ளைகளின் உறுதி ஒப்பும்.”

“விட்டுவிட்டுப் போனால்?”

இதுதான் அவன் கேட்க வந்த கேள்வி என்று குருவுக்குத் தெரிந்தது.

அவர் புனித அகுஸ்தினாரின் தாயை நினைவூட்டினார். மோனிக்கா கிறிஸ்தவள், கணவர் பத்ரீசியுஸ் சாகும் காலம் நெருங்கும்வரை ஞானஸ்நானம் பெறாதவர். கலப்பு வீடு. மகனுக்குச் சிறுவயதில் விசுவாசத்தை ஊட்டினாள், ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தாள். அவர் வளர்ந்து மனிக்கேயர் என்ற வேறொரு சமயக் கூட்டத்தில் சேர்ந்தார். மோனிக்கா ஒரு ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று கெஞ்சினாள். ஆயர் மறுத்துவிட்டார். தன் கதையை அவளிடம் சொன்னார்: சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாயே அவரை மனிக்கேயரிடம் ஒப்படைத்திருந்தாள், அவர்கள் நூல்களை எல்லாம் படித்து, யாரும் வாதாடாமலேயே அவர் அதைவிட்டு வெளியே வந்தவர்.

“பார்த்தாயா, ஒரு தாய் வளர்த்த வழியை விட்டு அந்த மகன் நம் பக்கம் வந்தான், இன்னொரு தாய் நம் வழியில் வளர்த்த மகன் அந்தப் பக்கம் போனான். வளர்ப்பு வேலியாக இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. அவன் வந்ததற்குச் சந்தோஷப்படுகிற நாம், இவன் போனதற்கு மட்டும் வளர்ப்பு சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை.”

“மோனிக்கா என்ன செய்தாள்?”

“முதலில் கோபம். தன் வீட்டில் இருக்கக்கூடாது, தன்னோடு ஒரே பந்தியில் உண்ணக்கூடாது என்று ஒதுக்கினாள். பிறகு ஒரு கனவு கண்டாள். அதன் பின் மறுபடி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் மனம் மாறி வந்ததால் சேர்த்தாள் என்று நினைக்காதே. அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது வருடம் அவர் அந்தக் கூட்டத்தோடுதான் இருந்தார். 387-இல் மிலான் நகரில் அம்புரோஸ் ஆயர் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பத்திரண்டு.”

“அந்த ஒன்பது வருடமும் அவர் மாறவில்லை என்று தெரிந்துதான் சோறு போட்டாளா?”

“தெரிந்துதான்” என்றார் குரு.