இரண்டு வண்டிகள்

வகுப்பறையிலே ஒரு நாள் பெருஞ்சிரிப்பு எழுந்தது. அதை அடக்க வேண்டிய ஆசிரியனாகிய நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்புக்குக் காரணம், மாணவன் ஒருவன் கொண்டுவந்திருந்த படம். தென்கொரியத் தலைநகராம் சியோலில், அகன்ற நடைபாதையில், இளம்பெண் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்கிறாள். வண்டியிலே மெத்தை; மெத்தையிலே குழந்தை அல்ல, நாய்!

"மனிதன் நடக்கிறான், நாய் சவாரி செய்கிறது!" என்றான் ஒருவன். மேலும் சிரிப்பு. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஐயா, அந்த நாயால் நடக்க முடியாதோ என்னவோ?"

சிரிப்பு நின்றது. என்னிடம் விடை இல்லை. ஒன்றும் அறியாமலே சிரித்திருக்கிறேன் என்பது மட்டும் அப்போதுதான் விளங்கிற்று.

கேலி நம் படைக்கலங்களில் ஒன்று. நூறு வாதங்களால் அசையாத மூடப்பழக்கத்தை ஒரு நகைச்சொல் அசைத்ததுண்டு. ஆனால், அம்பு எய்பவனுக்குக் குறி தெரிய வேண்டாமா? பழமை என்பதற்காக ஒன்றைப் போற்றுவது அறிவுடைமை ஆகாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். இதுவரை காணாதது என்பதற்காக ஒன்றை எள்ளுவது மட்டும் அறிவுடைமை ஆகிவிடுமா? ஆகவே தோழர்களே, சிரித்து முடித்துவிட்டோம். இனிச் சற்றுச் சிந்திப்போம்.

தென்கொரியாவின் ஜிமார்க்கெட் எனும் இணைய அங்காடி, 2023ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் ஒன்பது மாதங்களில் அங்கே விற்ற தள்ளுவண்டிகளில் நூற்றுக்கு 57 வளர்ப்பு உயிர்களுக்கானவை. 43 மட்டுமே குழந்தைகளுக்கானவை. இது ஓர் அங்காடியின் கணக்கேயன்றி நாட்டின் கணக்கன்று. எனினும், "குழந்தை போய் நாய் வந்தது!" என்ற கூக்குரல் எழ அது போதுமானதாயிற்று.

நாய்க்கு வண்டி தேவைதானா? இதற்கு விடை காண, நாமெல்லாம் அறிந்த வேறொரு வண்டியை நினைத்துப் பாருங்கள். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்து சென்றான் பாரி. அந்த ஈர நெஞ்சைப் போற்றிய தமிழர், அச்செயலுக்கு இட்ட பெயர் என்ன? கொடைமடம்! அன்பைப் புகழ்ந்தனர், அதனுள் இருந்த மடமையையும் மறைக்கவில்லை. முல்லைக்குத் தேவைப்பட்டது ஒரு மூங்கிற்கழி. தேர் தேவைப்பட்டது பாரியின் உள்ளத்துக்கு. இந்த ஒரு வேறுபாட்டைக் கைவிளக்காகக் கொண்டால் போதும். வண்டி நாய்க்குத் தேவையா, தள்ளுபவருக்குத் தேவையா என்றே கேட்க வேண்டும்.

மூட்டுகள் தேய்ந்துபோன கிழநாய்க்கு வண்டி ஊன்றுகோல். அறுவை மருத்துவம் முடிந்து தேறிவரும் நாய்க்கும் அவ்வாறே. குட்டைக் காலும் நீண்ட முதுகும் உடைய டாக்ஸ்ஹண்ட் இனத்தில் முதுகெலும்புத் தட்டு பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழப்பது உண்டு. அதற்கும் வண்டி வேண்டும். கோடை நண்பகலில் தார்ச்சாலை காற்றைவிட மிகுதியாகச் சுடும். நம் புறங்கையை ஏழு நொடி அதன்மேல் வைத்திருக்க இயலாதெனில், செருப்பணியாத நாயின் பாதம் மட்டும் எப்படித் தாங்கும்? இவ்விடங்களில் வண்டியைக் கண்டு நகைப்பவன், முடவன் கைத்தடியைக் கண்டு நகைப்பவனுக்கு ஒப்பானவன்.

ஆனால், நான்கு கால்களும் நன்றாக இருக்கும் இளநாயை ஏற்றி, சட்டை மாட்டி, நாள்தோறும் ஊர்வலம் விடுகிறார்களே, அது? அது மடமைதான். நாய் குழந்தையைப்போல் அமர்ந்திருக்கிறது என்பதால் அன்று, நாயாக வாழ விடப்படவில்லை என்பதால்! நாய்க்கு நடை வேண்டும், ஓட்டம் வேண்டும்; அனைத்தினும் மேலாக, மோந்து பார்க்க மண் வேண்டும். தெருவை நாம் கண்ணால் படிக்கிறோம். நாய் மூக்கால் படிக்கிறது. ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் அதற்கு அன்றைய செய்தித்தாளே இருக்கிறது. பட்டு மெத்தையில் இருத்தி அந்தத் தாளைப் பறித்துக்கொள்வதற்கு அன்பு என்று பெயர் சூட்டினால், கூண்டுக்குப் பொன்முலாம் பூசுவதற்கும் அன்பு என்றே பெயர் சூட்டலாம்.

இதனினும் பெரிய கொடுமை ஒன்றுண்டு. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற நாய்களின் முகத்தை, அழகு என்ற பெயரால் தலைமுறை தலைமுறையாகச் சப்பையாக்கியவன் மனிதன். அவற்றுள் பல, சிறிது தொலைவு நடந்தாலே மூச்சுத் திணறும். மூச்சைக் குறுக்கிவிட்டு வண்டியை வாங்கித் தருவது, கண்ணைக் குத்திவிட்டுக் கோலை நீட்டும் கருணை! வண்டியைப் பழிப்பதைவிட, அந்தப் பிறவிக் கேட்டை விலைக்கு விற்கும் வாணிகத்தைப் பழிப்பதே முறை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது நாயைப் பற்றிய வழக்கு. ஆனால், அதை மனிதரைப் பற்றிய வழக்காக மாற்றிவிட்டார்கள். 2024ஆம் ஆண்டில் தென்கொரியத் தொழிலாளர் அமைச்சரான கிம் மூன்சூ, அதற்கு முந்திய ஆண்டிலேயே, இளைஞர்கள் ஒருவரையொருவர் நேசிப்பதை விட்டு நாய்களை நேசிக்கிறார்கள், வண்டியில் வைத்துத் திரிகிறார்கள், மணப்பதுமில்லை, மக்களைப் பெறுவதுமில்லை என்ற கருத்துப்பட வருந்தினார். அந்நாட்டில் பிள்ளைப்பேறு அருகிவிட்டது என்பது உண்மை. 2023ஆம் ஆண்டில் பெண் ஒருத்திக்குச் சராசரி 0.72 குழந்தை. மக்கள்தொகை குன்றாதிருக்க வேண்டியதோ 2.1. ஆனால், குற்றவாளி நாயா?

ஏட்டைப் புரட்டுவோம். 1962ஆம் ஆண்டு முதல் குடும்பக் கட்டுப்பாட்டைக் கொள்கையாக்கிப் பரப்பியது அந்நாட்டு அரசே. 1970இல் நாலரையாக இருந்த பிறப்பு விகிதம், 1983ஆம் ஆண்டிலேயே 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று சியோல் தெருவில் எந்த நாய் மெத்தை வண்டியில் போயிற்று? ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயான ஊதிய இடைவெளி, வளர்ந்த நாடுகளின் வரிசையிலேயே அங்குதான் மிகப் பெரிது. நூற்றுக்கு முப்பது அளவில். பிள்ளை பெற்றால் வேலை போகுமோ என்று அஞ்சுகிறாள் பெண். வாரத்துக்கு 52 மணி என்றிருந்த வேலை உச்சவரம்பை, வேண்டும்போது 69 மணி வரை உயர்த்த 2023 மார்ச்சில் முனைந்தது அரசு. இளைஞர்களின் எதிர்ப்பு கண்டு பின்வாங்கியது. தொட்டிலை ஆட்ட நேரத்தையும் தராமல், தொட்டில் கட்ட இடத்தையும் தராமல், "ஏன் தொட்டில் வெறுமையாக இருக்கிறது?" என்று வண்டி தள்ளும் பெண்ணை மடக்கிக் கேட்பது என்ன நியாயம்? பெறுவதும் பெறாததும் அவள் உரிமை. நாயின் பெயரைச் சொல்லி அவளை நாணச் செய்வது, பழைய கட்டளையைப் புதிய குரலில் உரைப்பதேயாகும்.

"அதெல்லாம் இருக்கட்டும். மனிதன் பட்டினி கிடக்கையில் நாய்க்கு மெத்தையா?" என்று ஒரு தோழர் சீறுவார். அந்தச் சினம் மதிக்கத்தக்கது. அதே சியோல் தெருவில் இன்னொரு வண்டியும் போகிறது. அதில் மெத்தையில்லை. முதுகு வளைந்த மூதாட்டியர், தம் உயரத்தை மிஞ்சிய பழைய அட்டைப்பெட்டிகளைக் கட்டி ஏற்றி, மூச்சிரைக்க இழுத்துச் செல்கின்றனர். எடைக்குப் போட்டால் கிடைக்கும் சில்லறைதான் அவர்களுடைய உணவுக்கு உதவி. அந்நாட்டு முதியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்கின்றனர். செல்வ நாடுகளில் இது மிக உயர்ந்த அளவு.

காரணம் என்ன? நாய் வண்டியின் விலையா? இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம் அங்கே 1988இல்தான் தொடங்கிற்று. நகரத்துச் சிறுதொழில் செய்வோரை அது தழுவ 1999 வரை ஆயிற்று. போரால் பாழ்பட்ட நாட்டைத் தம் தோளால் தூக்கி நிறுத்திய தலைமுறை, பணம் கட்டி உரிமை பெறப் போதிய ஆண்டுகள் இன்றியே முதுமை எய்திவிட்டது. தள்ளுவண்டியிலுள்ள நாயை இறக்கிவிட்டால், மூதாட்டியின் பாரத்தில் ஓர் அட்டையேனும் குறையுமா? குறையாது. அவளுக்கு வேண்டியது நம் முகச்சுளிப்பன்று. சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியம்.

நாய் வண்டியைக் கண்டு நகைப்பது எளிது. அதைத் தள்ளுபவர் திருப்பித் தாக்கப் போவதில்லை. அட்டை வண்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்பது கடினம். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். எளிய குறியைத் தேடும் அம்புக்கு வீரம் என்று பெயரில்லை.

மறுநாள் அதே படத்தை வகுப்பில் மீண்டும் காட்டினேன். அருகே அட்டை வண்டி இழுக்கும் முதியவள் ஒருத்தியின் படத்தையும் வைத்தேன். எவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசை மாணவனே மீண்டும் எழுந்தான்.

"இந்தப் பாட்டியால் நடக்க முடியாதோ என்னவோ, ஐயா?"

நேற்று நாய்க்காகக் கேட்ட அதே கேள்வி! முன்னதைக் கேட்கத் தெரிந்த நெஞ்சுக்கே பின்னதையும் கேட்கத் தெரிந்திருக்கிறது.