இளஞ்சிவப்பு முட்டைகள்

சிம்பாங் அம்பாட் வீட்டுத் தொட்டியில் ஒரு மஞ்சள் நத்தை வளர்க்கிறேன். 5 வெள்ளிக்கு வாங்கியது. போன வாரம் தண்ணிக்கு மேலே, கண்ணாடியில் இளஞ்சிவப்பாக ஒரு கொத்து முட்டை. அப்பா பார்த்துட்டு, "வயலை அழிக்கிற நத்தைடா இது. சுரண்டிப் போடு" என்றார்.

மலாய்க்காரர்கள் சிப்புட் கொண்டாங் எமாஸ் என்பார்கள். ஊர் தென் அமெரிக்கா. 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் விரும்பிச் சாப்பிடவில்லை, வயலுக்குள் போய்விட்டது. 1991-இல் மலேசியாவில் தென்பட்டது. இளநாற்றைத் தின்றுவிடும். விவசாயிகள் கையால் பொறுக்குகிறார்கள், வாத்து விடுகிறார்கள்.

நத்தை மேல் என்ன தப்பு? கடல் தாண்டி வர அது கேட்கவே இல்லையே. ஆனாலும், பாவம் பார்த்து முட்டையோடு வாய்க்காலில் விட்டால், நான் காட்டிய இரக்கத்துக்கு யாரோ ஒரு விவசாயி நாற்றைக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் செலவில் இரக்கப்பட எனக்கு உரிமை கிடையாது.

முட்டைகளைச் சுரண்டி நசுக்கினேன். மனசு கூசியது. தொட்டிக்கு மூடி போட்டு நத்தையை வைத்துக்கொண்டேன். கடையிலேயே இணை சேர்ந்திருக்கும், இன்னும் முட்டையிடும். ஒவ்வொரு தடவையும் நான்தான் சுரண்டணும். ஆசைப்பட்டு வாங்கியது நான்தானே.